நாளைக்கு நகரசபைக்குப் போக வேண்டாம்

ஒருவர் இறந்த பிறகு, அவருடைய படத்துக்குக் கீழே அவர் சொல்லாத ஒன்றை யாரோ எழுதிவிட்டால், அதைத் திருத்துகிற உரிமை யாருக்கு உண்டு? எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் முழுக்க யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் உமக்கே எழுதுகிறேன்.

படம் இன்று மத்தியானம் வந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் மண் மாதிரிகளை உலர்த்தும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தமிழ் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். மகன் அந்த வகுப்பை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. விலகினால் இன்னார் விலகினார் என்று எல்லாருக்கும் காட்டும் என்பதால் விலகவில்லை. நீர் ஊதாச் சேலையில் நிற்கும் படம் அது. யாருடையதோ கலியாணவீட்டில் எடுத்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். உம்முடைய தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. அது என்னுடைய கை.

படத்துக்குக் கீழே ஒரு குத்துவிளக்கு. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: "அன்னாரின் கனவு நனவாக, நாளை அனைவரும் குடும்பமாக நகரசபைக்குச் சென்று பள்ளிக்கூட மண்டபத்துக்காகக் கையெழுத்திடுவோம்."

இரண்டு தரம் வாசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நீர் போய்விட்டீர் என்று பெப்ரவரியில் சொன்னபோதும் இப்படித்தான் இருந்தது. அடுப்பின் சூட்டைக் குறைத்து வைத்துவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்தேன்.

முதல் நாள் உமக்கு நினைவிருக்குமோ தெரியாது. பிள்ளைகள் இருவரும் பாலர் வகுப்பு. பள்ளிக்கூட வேலிக்கு அருகில், காரின் எஞ்சினை ஓடவிட்டபடி கண்ணாடியை இறக்கி என்னைக் கேட்டீர்.

"நீர் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"நான் திருகோணமலை. பரவாயில்லை, கதைக்கலாம். குளிருது, ஏறும்."

அன்றிலிருந்து நாங்கள் ஆளுக்கு ஆள் 'நீர்' ஆனோம். நான் யாரோடும் எளிதில் பழகுகிறவள் அல்ல. பழகியது நீர்தான். நான் காரில் ஏறினேன், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மண்டபம். காலையில் அதில் விளையாட்டு, மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் வீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகள், சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ் வகுப்பு. சாப்பாட்டு மேசைகளை மடித்து முடிப்பதற்குள் பாதி விளையாட்டுப் பாடம் போய்விடும். இடம் போதாமல் முற்றத்தில் பெட்டி மாதிரி ஒரு தற்காலிக வகுப்பறையைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கடுங்குளிர் நாட்களில் பிள்ளைகள் நடைவழியில் வரிசையாக இருந்து படம் பார்த்தார்கள். நூலகம் என்பது உருளும் ஒரு அலுமாரி.

நகரசபை அப்போது ஒரு முடிவெடுத்தது. பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து பெரிய மண்டபமும் நூலகமும் கட்டுவது. பகலில் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு. நகரத்தின் பங்குக்குக் கடன் எடுப்பார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு மேயரே வந்து, நகரம் இந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நிற்கிறது என்று பேசினார். நீர் கைதட்டினீர். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். திரும்பி வரும்போது காருக்குள் விசாரணை நடந்தது.

"ஏன் கைதட்டேல்லை?"

"தட்டினாக் கட்டுவினமோ?"

"நீர் ஒண்டையும் நம்பாமல் எப்பிடித்தான் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறீரோ தெரியேல்லை."

"பஸ் வாறதை நான் கண்டிருக்கிறன்."

"உமக்கு வாய்க்கு ஒரு குறையுமில்லை."

சில கிழமைகளில் எல்லாருடைய தபால்பெட்டியிலும் ஓர் அறிவித்தல் விழுந்தது. இந்த மாகாணத்தில் ஒரு நகரம் இப்படிக் கடன் எடுப்பதென்றால் குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும். கேட்கும் விதம்தான் விசித்திரம். நகரசபையில் ஒரு நாள் ஒரு பதிவேடு திறந்து வைப்பார்கள். கடன் வேண்டாம், வாக்கெடுப்பு வை என்று கேட்கிறவர்கள் மட்டும் வந்து அதில் கையெழுத்து வைக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்து சேர்ந்தால், நகரசபை ஊர் முழுவதற்கும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அல்லது திட்டத்தைக் கைவிட வேண்டும். சேராவிட்டால் கடன் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். ஆதரிக்கிறவர்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருப்பதுதான் ஆதரவு.

இது இப்போது எனக்குத் தெரியும். அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நீர் அறிவித்தலில் நாளையும் இடத்தையும் 'கையெழுத்து' என்ற சொல்லையும் பார்த்தீர். எங்கள் ஆட்களுக்கு அது போதும். நாங்கள் வந்த நாளிலிருந்து கையெழுத்து வைத்தவர்கள். கோயில் வாசலில், கடைகளில், மெட்ரோ வாசலில், காணாமல் போனவர்களுக்காக, சிறையில் இருந்தவர்களுக்காக, திருப்பி அனுப்பப்பட இருந்தவர்களுக்காக. அட்டையில் கடதாசி, கயிற்றில் பேனை. கையெழுத்து வைத்தால் பக்கத்தில் நிற்கிறோம் என்று பொருள். வேறு ஒரு பொருள் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு கிழமையாக நீர் எல்லாருக்கும் ஃபோன் எடுத்தீர். கார் ஓடாதவர்களுக்குக் கார் ஒழுங்கு செய்தீர். முதல்நாள் இரவு இருந்து, வருகிறவர்களுக்குச் சாப்பிடக் கொடுக்க ரோல்ஸ் சுற்றினீர். என்னையும் கேட்டீர்.

"நாளைக்கு வருவீர்தானே?"

"பாப்பம்."

"உம்முடைய 'பாப்பம்' எண்டால் வரமாட்டன் எண்டு அர்த்தம்."

நான் போகவில்லை. அந்த நாளைப் பிறகு நீர் பலதரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேசையில் இருந்த அலுவலர் பெண்ணுக்கு ஒரு பக்கமும் சாய்ந்து பேச அனுமதி இல்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கிறீர்களா என்று ஒவ்வொருவரையும் பிரெஞ்சில் கேட்டார். எங்கள் ஆட்கள், "வி, வி, ஓம், பள்ளிக்கூடத்துக்கு" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்கள். வாசலில் உயரமான ஒரு வயதானவர் நின்று ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கினார். உங்கள் சமூகத்திலிருந்து இவ்வளவு பேர் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை என்றாராம். நீர் அவருக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தீர்.

"எவ்வளவு நல்ல மனுசன் தெரியுமே," என்று அன்று பின்னேரம் எனக்கு ஃபோனில் சொன்னீர். "பள்ளிக்கூடத்தில பேரப்பிள்ளையள் இருக்கும் போல."

வீட்டு வரி கூடும் என்று எதிர்ப்பைத் திரட்டியவர் அவர்தான்.

மாலையில் எண்ணி முடித்து, தேவையான எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று வாசித்தார்கள். 'தாண்டிவிட்டது' என்றதும் நீர் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்தீர். அப்போது எங்கள் பகுதி நகரசபை உறுப்பினர், அந்தக் கண்ணாடி போட்ட பெண், உமக்கு முன்னால் வந்து நின்று, "நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம், ஏன் எல்லாரும் எதிர்த்தீர்கள்?" என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டு நேரம் மீண்டும் ஃபோன் எடுத்தீர்.

"நாங்கள் எதிராக் கையெழுத்து வைச்சுப்போட்டம்."

"என்ன?"

"வைக்காமல் இருந்திருக்க வேணுமாம். வீட்டில இருந்திருக்க வேணுமாம்."

வாக்கெடுப்பு வைக்க நகரசபைக்குத் துணிவில்லை. திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். முற்றத்தில் இருந்த பெட்டி அங்கேயே இருந்தது. எங்கள் பிள்ளைகள் அதற்குள் படித்து முடித்துப் போனார்கள்.

ஊர் என்னைப் பற்றி ஒரு கதை கட்டியது. அவ படிச்சவ, விளங்கித்தான் வரேல்லை என்றார்கள். நான் ஒன்றையும் விளங்கவில்லை. அறிவித்தலைப் பிரிக்காமலே, கழிவுக் கடதாசி போடும் நீலப் பெட்டியில் போட்டவள் நான். ஒரு கையெழுத்தால் ஒரு கட்டடம் எழும்பும் என்று நம்பாததால் போகவில்லை. நீர் நம்பினீர், அதனால் அது கெட்டது. நான் நம்பவில்லை, அதனால் என் பங்குக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தீமையும் நேரவில்லை. இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நீர்தான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தீர். "உம்முடைய பஞ்சிக்கு, உந்தச் சோம்பலுக்கு, ஒரு சிலை வைக்கவேணும், நகரசபைக்கு முன்னால."

அதற்குப் பிறகு எந்த விழாவுக்குப் போனாலும் உம்மைப் பகிடி பண்ண ஒருவர் இருப்பார். "அக்காட்டப் பேனையைக் குடுக்காதேங்கோ." நீரும் சேர்ந்து சிரிப்பீர். உம்முடைய காதுகள் சிவப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நீர் ஒதுங்கிப்போயிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் நீர் மாதந்தோறும் நகரசபைக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினீர். பொதுமக்கள் கேள்வி கேட்கும் நேரத்தில் எழும்பி, உம்முடைய பிரெஞ்சில், பள்ளிக்கூட மண்டபம் என்ன மாதிரி என்று கேட்பீர். பதில் சொல்வார்கள். "மெர்சி" என்று நன்றி சொல்லி இருந்துவிடுவீர். அடுத்த மாதமும் அதே கேள்வி. மேயர் மாறினார், கேள்வி மாறவில்லை. உமக்கு முன்னால் மைக்கைத் திருப்பி வைக்கும் அளவுக்கு அவர்கள் பழகிவிட்டார்கள். ஒருதரம் உம்மோடு நானும் வந்தேன், உம்முடைய கார் பழுது என்பதால். பனியில் கர்க்லாண்ட் பக்கமாகத் திரும்பி வரும்போது கேட்டேன்.

"உம்முடைய பிள்ளையள் யூனிவர்சிற்றிக்குப் போயிட்டினம். இன்னும் ஏன் உது?"

"நான் எல்லோ கெடுத்தனான்."

"எல்லாரும் சேர்ந்துதான் வைச்சது."

"கூட்டிக்கொண்டு போனது ஆர்? றோட்டைப் பாத்து ஓடும்."

கடைசியாகக் கதைத்தது ஆஸ்பத்திரியில். கடன் திட்டத்தை மறுபடியும் கொண்டுவரப் போகிறார்கள் என்று உமக்கு யாரோ வந்து சொல்லியிருந்தார்கள். முகம் சிறுத்துப் போயிருந்தது, கண் மட்டும் பழைய அளவில் இருந்தது.

"இந்தமுறை ஒருத்தரும் நகரசபைப் பக்கம் போகக்கூடாது. எல்லாரையும் வீட்டில இருக்கச் சொல்லவேணும்."

"சொல்லுவீர்தானே."

"ஓம், நான்தான் சொல்லவேணும்," என்றீர். பிறகு யன்னல் திரையை இறக்கச் சொன்னீர். இறக்கினேன்.

நீர் சொல்ல இருக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்களின் கார்களை எங்கே விடுவது என்று காட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். குளிர் நல்ல உதவி. பேசத் தேவை இருக்கவில்லை. நான் அழவில்லை. அதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

நாளைதான் அந்தப் பதிவேடு. காரில் இருந்தபடியே, அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு ஃபோன் எடுத்தேன். தர்ஷினி, தமிழ் வகுப்பின் இப்போதைய செயலாளர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து எங்கள் நகரத்துக்குக் குடிவந்து அதிக காலம் இல்லை. உம்மைக் கண்டதே இல்லை.

"அக்கா, எல்லாரும் அவவைப் பற்றி எவ்வளவு நல்லாக் கதைக்கினம். அந்தப் பள்ளிக்கூடத்துக்காக அவ்வளவு பாடுபட்டவவாம். இருந்திருந்தா நாளைக்கு முதல் ஆளாப் போயிருப்பா."

"ஒருக்காப் போனவ," என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ஒருத்தரும் உதைச் சொல்லேல்லையே, அக்கா."

அது உண்மையாக இருக்கும். நீர் செத்த பிறகு பகிடியை நிறுத்திவிட்டார்கள். மரியாதைக்காகத்தான். பகிடியோடு சேர்த்து விஷயமும் போய்விட்டது.

"கோயில் ஆக்களுக்கும் அனுப்பிப்போட்டன். அவையள் தங்கடை குழுக்களுக்கு அனுப்பியிருப்பினம். இப்ப என்ன செய்யிறது?"

"திருத்தி ஒண்டு அனுப்பும்."

"நீங்கள் எழுதுங்கோ அக்கா, நீங்கள்தானே அவவின்ர சிநேகிதி. ஆனா அதே படத்தோடை போடவேணும். படம் இல்லாட்டி ஒருத்தரும் திறக்கமாட்டினம்."

உம்முடைய படத்துக்குக் கீழே நான் எழுதினேன்: 'நாளைக்கு நகரசபைக்குப் போக வேண்டாம். கையெழுத்து கடனுக்கு எதிரானது. பள்ளிக்கூடத்துக்கு ஆதரவானவர்கள் வீட்டில் இருங்கள்.' குத்துவிளக்கை எடுத்துவிட்டேன். இது நீர் ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு நேரம் எடுத்தது. மத்தியானம் அவர்கள் எழுதியதும் நான் எழுதியதும் ஒரே படத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. வாசிக்கிறவருக்கு எது உம்முடையது என்று எப்படித் தெரியும்?

பதில்கள் வரத் தொடங்கின. கூப்பிய கைகள். திரும்பவும் கூப்பிய கைகள். "ஆத்மா சாந்தியடையட்டும்." "ஓம் சாந்தி." ஒருவர், முப்பத்தோராம் நாள் கிரியையை நினைத்து, "அந்தியேட்டி முடிஞ்சுதோ?" என்று கேட்டிருந்தார். வாசித்தார்களா, படத்தைக் கண்டதும் கும்பிட்டார்களா என்று சொல்ல வழியில்லை. நாளைக்கு எத்தனை கார்கள் அங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம் மட்டும். தபால்பெட்டியில் விழும் அறிவித்தல்களைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறேன், இரண்டு மொழியிலும். தண்ணீர்க் குழாய் திருத்துவது, மரம் வெட்டுவது, இலை அள்ளும் நாள், எல்லாம். நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை. வாசிக்கிறேன்.

இதுவரை உள்ளதை நேற்று எழுதி வைத்தேன். இன்று நடந்தது இது.

திறக்கும் நேரத்துக்கே நான் போனேன். எனக்கு முன்பே ஒரு வான் வந்திருந்தது. அதில் வந்தவர்கள் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அதை அழிக்க முடியுமா என்று அலுவலரிடம் கேட்டேன். முடியாது என்றார். வாசலில் நின்று மறிக்கவும் கூடாது என்றதால் நடைபாதையில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களைக் கண்டால் போய்ச் சொன்னேன். சிலர் திரும்பினார்கள். ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செத்த மனுசியின்ர காரியத்தை மறிக்கிறியே பிள்ளை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னர் உம்முடைய கணவர், சிவா அண்ணை, வந்தார். கறுப்புக் கோட்டுச் சூட், சவரம் செய்த முகம். நான் ஓடிப்போய்ச் சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும். இத்தனை வருசம் கேட்ட கதைதானே. கையெழுத்து வைக்க வரேல்லை."

"அப்ப?"

"வீட்டில இருக்கச் சொல்லி எழுதியிருந்தியள். இருந்து பாத்தன். ஏலாமல் கிடக்கு."

அவர் எனக்குப் பக்கத்தில் நடைபாதையில் நின்றார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. அவரைக் கண்டதும் காரை விட்டு இறங்கி வந்து, கையைப் பிடித்துக் கதைத்தார்கள். "திரும்பிப் போங்கோ, அவ அப்பிடித்தான் சொன்னவ," என்றார். போனார்கள். எதிர்ப்பவர்களும் வந்தார்கள், கொஞ்சப் பேர். அவர்கள் தங்கள் பாட்டில் உள்ளே போய் வந்தார்கள்.

மூடிய பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். அலுவலர் தாளைப் பார்த்து ஒரே குரலில் வாசித்தார். தேவையான எண்ணிக்கையில் கையெழுத்து சேரவில்லை. கடன் தீர்மானம் வாக்காளர்களால் அங்கீகரிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். யாரும் கைதட்டவில்லை. அலுவலர் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

"வெண்டிட்டமோ?" என்று சிவா அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

"இனி வீட்டை போகலாம், என்ன?"

"போகலாம்."

வெளியே வந்தோம். அவர் தன் காரில் ஏறி, விளக்கைப் போட்டார், எஞ்சினைப் போட்டார், போகவில்லை. நான் என் காரில் இருந்தேன். மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகப் போய் முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தோம். பிறகு நான் இறங்கிப்போய் அவருடைய கண்ணாடியில் தட்டினேன். கண்ணாடியை இறக்கினார்.

"எங்கடை வீட்டில சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றேன்.

சரி என்றார்.